நெடுஞ்சாலை 4-இன் ஓரத்தில் ஒரு பலகை: லீ சரணடைந்த பிறகும் பால்மிட்டோ ராஞ்சில் ஏன் சண்டை?

கேள்வி இதுதான். ஹூஸ்டனில் இருந்து ஸ்டார்பேஸ் ராக்கெட் தளத்தைப் பார்க்கக் குடும்பத்தோடு காரில் போனவர், டெக்சாஸின் தென்கோடியில் உள்ள ப்ரௌன்ஸ்வில் ஊரைத் தாண்டி நெடுஞ்சாலை 4-இல் ஒரு வரலாற்றுப் பலகையைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசித் தரைச் சண்டை 1865 மே 12, 13 தேதிகளில் இங்கே நடந்தது, அதுவும் தெற்குப் படைகளின் தளபதி ஜெனரல் லீ சரணடைந்து 34 நாள் கழித்து என்கிறது பலகை. சுற்றிலும் புல்லும் உப்புத் தரையும் தவிர எதுவும் இல்லை. லீ சரணடைந்த சேதி அங்கே போய்ச் சேரவில்லையா? தெரிந்தும் சண்டை போட்டார்களா? இந்த மாதிரிப் பலகைகளை எவ்வளவு நம்பலாம்?

நேராகச் சொல்லிவிடுகிறேன். சேதி வந்துவிட்டது. இரண்டு பக்கமும் தெரிந்தேதான் சுட்டுக்கொண்டார்கள். பலகையில் இருக்கும் தேதிகளிலும் பெயர்களிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதை மட்டும் படித்துவிட்டுக் காரில் ஏறினால் எதற்காகச் சண்டை, சண்டை போட்டவர்கள் யார் என்பது தெரியாமலே ஊர் திரும்புவோம். நான் எழுதப்போவது பெரும்பாலும் அந்த இரண்டைப் பற்றித்தான்.

முதலில் பலகை சொல்லும் கதை. வடக்குப் படை, அதாவது அதிபர் லிங்கனின் அமெரிக்க அரசின் படை, கிழக்கே 12 மைல் தள்ளி பிராசோஸ் தீவில் இருந்தது. பிரிந்துபோன தென் மாநிலங்களின் தெற்குப் படை மேற்கே 12 மைலில், ப்ரௌன்ஸ்வில்லின் ஃபோர்ட் ப்ரௌன் கோட்டையில். கோட்டையை மீட்க ஆணை பெற்ற லெப்டினன்ட் கர்னல் டேவிட் பிரான்சன் 300 பேரோடு கிளம்பினார். மே 12 அன்று காவல் படையோடு சிறு மோதல், அதில் வெற்றி. மறுநாள் கர்னல் தியோடர் பாரெட் இன்னும் 200 பேரோடு வந்து சேர்ந்தார். பிற்பகலில் தெற்கின் கர்னல் ஃபோர்டு பீரங்கிகளோடு வந்து அடித்து விரட்டினார். தெற்கில் உயிரிழப்பு இல்லை. வடக்கில் 4 அதிகாரிகளும் 111 வீரர்களும் கொல்லப்பட்டோ காயமடைந்தோ காணாமலோ போனார்கள். ஏறக்குறைய இவ்வளவுதான்.

படிக்கும்போதே சில கேள்விகள் எழ வேண்டும். ஆணை யார் போட்டது? அந்த 300 பேர் யார்? போர் முடிந்துவிட்ட நிலையில், மெக்சிகோ எல்லை ஓரமாக இருக்கும் இந்தக் கோட்டை ஏன் இவர்களுக்கு வேண்டியிருந்தது?

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு ஒரே சொல்லில் விடை உண்டு: பருத்தி.

1861-இல் போர் தொடங்கியதும் லிங்கன் தெற்கு மாநிலங்களின் துறைமுகங்களைக் கடற்படையை வைத்து அடைத்தார். தெற்கின் பொருளாதாரமே பருத்தி ஏற்றுமதியில் நின்றது. அதை நிறுத்தினால் துப்பாக்கி வாங்கப் பணம் இருக்காது என்பது கணக்கு. ஆனால் ஒரே ஒரு வாசலை அடைக்க முடியவில்லை. ரியோ கிராண்டே ஆறு பாதி மெக்சிகோவுடையது. 1848 உடன்படிக்கைப்படி அதில் இரு நாட்டுப் படகுகளும் தடையில்லாமல் போகலாம். ஆற்றின் வாயை அடைத்தால் மெக்சிகோவின் துறைமுகத்தை அடைத்ததாக ஆகிவிடும். லிங்கன் அரசு அந்த வம்புக்குப் போகவில்லை.

வியாபாரிகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். இன்று ஹூஸ்டனில் இருந்து சான் அன்டோனியோ போகிற ஐ-10 சாலையில் கொலம்பஸுக்குச் சற்று முன்னால் ஆலிட்டன் என்று ஒரு சின்ன ஊர் வரும். அப்போது ரயில் பாதை அங்கேதான் முடிந்தது. அங்கிருந்து பருத்திப் பொதிகள் மாட்டு வண்டிகளிலும் கோவேறு கழுதை வண்டிகளிலும் வறண்ட நிலத்தைக் கடந்து, கிங் ராஞ்ச் (ராஞ்ச் என்றால் கால்நடைப் பண்ணை) வழியாக ப்ரௌன்ஸ்வில் வந்தன. ஆற்றுக்கு அக்கரையில் மெக்சிகோவின் மாட்டமோரோஸ். எல்லை தாண்டியதும் பொதி மெக்சிகோ சரக்கு ஆகிவிடும். பிறகு ஆற்றின் வாயில் இருந்த பாக்தாத் என்ற ஊருக்குப் போகும் (ஆமாம், அதுதான் பெயர், பின்னால் வந்த புயல்களில் அந்த ஊரே இல்லாமல் போயிற்று). அங்கே கடலில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியக் கப்பல்கள் நங்கூரமிட்டுக் காத்திருந்த நாட்கள் உண்டு. திரும்பும் வண்டிகளில் துப்பாக்கி, வெடிமருந்து, மருந்துகள், துணி, காப்பி எல்லாம் வரும்.

இதில் யார் பணக்காரர் ஆனார்கள் என்பது தனிக் கதை. ரிச்சர்ட் கிங், மிஃப்லின் கெனடி, சார்லஸ் ஸ்டில்மன் மூவரும் நீராவிப் படகுகளை மெக்சிகோ கொடியின் கீழ் ஓட்டினார்கள். பருத்தியில் ஒரு பங்கு சுற்றிவளைத்து நியூயார்க்குக்கே போனது. தெற்கை முற்றுகையிட்ட வடக்கின் ஆலைகளுக்கும் பஞ்சு வேண்டுமே! ஸ்டில்மனின் மகன் ஜேம்ஸ் பின்னாளில் நியூயார்க்கின் நேஷனல் சிட்டி பேங்க்குக்குத் தலைவர் ஆனார். இன்றைய சிட்டிபேங்க்கின் முன்னோடி அது.

வடக்கு இதை நிறுத்தப் பார்க்காமல் இல்லை. 1863 நவம்பரில் ஜெனரல் பேங்க்ஸ் பெரும்படையோடு பிராசோஸ் தீவில் இறங்கி ப்ரௌன்ஸ்வில்லைப் பிடித்தார். வண்டிகள் மேற்கே இன்னும் தூரமாகப் போய் வேறு இடங்களில் ஆற்றைக் கடந்தன. 1864 கோடையில் வடக்கு அந்தப் படையில் பெரும்பகுதியை வேறு களங்களுக்கு எடுத்துக்கொண்டது. ஜூலை கடைசியில் ஃபோர்டு ப்ரௌன்ஸ்வில்லைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கடலோரத் தீவில் மட்டும் வடக்கின் ஒரு சிறு படை தங்கிவிட்டது.

இந்த ஃபோர்டைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போகக் கூடாது. டாக்டர், பத்திரிகை ஆசிரியர், டெக்சாஸ் ரேஞ்சர், அரசியல்வாதி என்று பல வேடம் போட்டவர். மெக்சிகோ போரில் இறந்தவர்களின் பட்டியலை அனுப்பும் வேலை அவருடையது. ஒவ்வொரு கடிதத்திலும் 'அமைதியில் உறங்குக' என்று எழுதி, ஆட்கள் அதிகம் சாகச் சாக அதை ஆர்.ஐ.பி. என்ற மூன்றெழுத்தாகச் சுருக்கினாராம். 'ரிப்' ஃபோர்டு என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

சரி, 1865-க்கு வருவோம். மார்ச் 11 அன்று வடக்கின் ஜெனரல் லூ வாலஸ், ப்ரௌன்ஸ்வில்லில் இருந்த தெற்குப் படையின் ஜெனரல் ஸ்லாட்டரையும் ஃபோர்டையும் போயின்ட் இசபெல்லில் சந்தித்துப் பேசினார். 'பென்ஹர்' நாவலைப் பின்னாளில் எழுதிய அதே வாலஸ்தான். போர் எப்படியும் முடியப்போகிறது, இந்த மூலையில் வீணாக ரத்தம் சிந்துவானேன் என்பது பேச்சின் சாரம். ஸ்லாட்டருக்கு மேலே இருந்த ஜெனரல் வாக்கர் உடன்பாட்டை ஏற்கவில்லை. ஆனாலும் இங்கே இருந்த இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் சீண்டாமல் இருப்பது என்று எழுதாத ஒரு புரிதல் உண்டாயிற்று.

ஏப்ரல் 9-இல் லீ சரணடைந்தார். 14-இல் லிங்கன் சுடப்பட்டார். மே 1 அன்று ரியோ கிராண்டேயில் ப்ரௌன்ஸ்வில்லை நோக்கிப் போன நீராவிப் படகில் இருந்து ஒரு பயணி, கரையில் நின்ற தெற்கு வீரர்களிடம் ஒரு நியூ ஆர்லியன்ஸ் பத்திரிகையைத் தூக்கிப் போட்டார். எல்லாச் செய்தியும் அதில் இருந்தது. அது நடந்த இடம், நம்புங்கள், இதே பால்மிட்டோ ராஞ்ச். படித்துவிட்டுச் சில நூறு பேர் அப்படியே வீட்டுக்கு நடையைக் கட்டினார்கள். ஆக, உங்கள் முதல் கேள்விக்கு விடை அந்தப் பத்திரிகைதான்.

மிச்சம் இருந்தவர்கள் ஏன் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை? சட்டப்படி பார்த்தால் லீ சரணடையச் செய்தது தன் படையை மட்டும். மிசிசிப்பிக்கு மேற்கே இருந்த படைகள் ஜெனரல் கர்பி ஸ்மித்தின் கீழ் இருந்தன, அவர் மே மாதத்திலும் மறுத்துக்கொண்டிருந்தார். அது வெளிப்படையான காரணம். ப்ரௌன்ஸ்வில்லில் இன்னும் பருத்தி கிடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடக்குப் படை உள்ளே வந்தால் அது பறிமுதல் ஆகும்.

வடக்குப் பக்கம்தான் விளக்க முடியாதது. பாரெட்டுக்கு அப்போது வயது 30. அதுவரை போர்க்களம் பார்த்தவர் இல்லை. தெற்கு ப்ரௌன்ஸ்வில்லைக் காலி செய்கிறது என்று தவறான ஒரு தகவல் அவருக்கு வந்திருந்தது, அதை நம்பித்தான் ஆட்களை அனுப்பினார் என்று ஒரு விளக்கம். போர் முடிவதற்குள் ஒரு சண்டையாவது பார்த்துப் பெயர் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை என்று வேறு சிலர். குதிரைக்காகவும் மாட்டுக்காகவும் போனார்கள், பருத்தியைப் பிடிக்கப் போனார்கள் என்றும் உண்டு. பாரெட் தன் மேலிடத்தின் விருப்பத்துக்கு மாறாகவே இதைச் செய்தார் என்பது பல வரலாற்றாளர்களின் முடிவு. கோட்டையை மீட்க ஆணை என்று பலகை சொல்வது பிரான்சனைப் பொறுத்தவரை உண்மை. அந்த ஆணை பாரெட்டுடையது, அவருக்கு மேலே இருந்து வந்தது அல்ல என்ற விவாதம் மட்டும் அந்த வாக்கியத்தில் ஏறவில்லை. என் கருத்தில் பெயர் ஆசைதான் முதல் காரணம். தவறான தகவல் மட்டும்தான் காரணம் என்றால், 12-ஆம் தேதி எதிரில் ஆள் இருப்பது தெரிந்ததும் திரும்பியிருக்கலாம். அவர் செய்தது இன்னும் 200 பேரைக் கூட்டிக்கொண்டு தானே கிளம்பியது.

சண்டையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மே 11 இரவு, மழையிலும் காற்றிலும் பிரான்சனின் ஆட்கள் தீவில் இருந்து நிலத்துக்குக் கடந்தார்கள். 300 பேரில் 250 பேர் 62-ஆவது அமெரிக்கக் கருப்பினக் காலாட்படை. மற்ற 50 பேர் வடக்குக்காகப் போராடிய டெக்சாஸ்காரர்கள். பெயரில் குதிரைப்படை, ஆனால் குதிரை கிடையாது. இரவு முழுக்க நடந்து வைட்ஸ் ராஞ்சுக்குப் போனால் அங்கே ஆளே இல்லை. விடிந்ததும் ஆற்றோரப் புதரில் மறைந்து கிடந்தார்கள். அக்கரையில் இருந்தவர்கள் பார்த்துவிட்டதால் ஒளிந்ததும் வீண். நண்பகலில் பால்மிட்டோ ராஞ்சில் இருந்த தெற்குக் குதிரைப் படையை விரட்டினார்கள். மாலை அது திரும்பி வந்ததும் வைட்ஸ் ராஞ்சுக்குப் பின்வாங்கினார்கள்.

13-ஆம் தேதி காலை பாரெட் 34-ஆவது இந்தியானா படையின் 200 பேரோடு சேர்ந்துகொண்டார். மீண்டும் முன்னேறினார்கள். மாலை 4 மணி வாக்கில் ஃபோர்டு சுமார் 300 குதிரை வீரர்களோடும் 6 பீரங்கிகளோடும் வந்தார். எண்ணிக்கையில் வடக்குதான் அதிகம். ஆனால் அவர்களிடம் ஒரு பீரங்கி கூட இல்லை. அந்த நிலத்தில் மறைவும் இல்லை. ஐந்தாறு மீட்டர் உயரக் களிமண் மேடுகளை அங்கே லோமா என்பார்கள், பால்மிட்டோ ஹில் என்பதும் அப்படி ஒரு மேடுதான். மற்றதெல்லாம் தட்டையான சதுப்பு நிலம். குதிரையும் பீரங்கியும் வைத்திருப்பவனுக்கு அதைவிட நல்ல களம் கிடைக்காது. பாரெட் பின்வாங்க உத்தரவிட்டார். ஏழு மைல் துரத்தல். முன்வரிசையில் நின்ற இந்தியானா ஆட்கள் சிலருக்குப் பின்வாங்கும் ஆணையே போய்ச் சேரவில்லை, அப்படியே பிடிபட்டார்கள். 62-ஆவது படையின் 140 பேர் ஆற்றில் இருந்து குறுக்கே நீளமாக வரிசை கட்டி நின்று துரத்தி வந்தவர்களைத் தடுத்ததால்தான் மற்றவர்கள் தப்பினார்கள்.

இப்போது அந்த 300 பேருக்கு வருகிறேன். எனக்கு இந்தப் பலகையோடு உள்ள சண்டையே இங்கேதான்.

62-ஆவது படை 1863 டிசம்பரில் மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸின் பென்டன் பாரக்ஸில் திரட்டப்பட்டது. மிசௌரி வடக்கோடு நின்ற மாநிலம், ஆனால் அடிமை முறை அங்கே சட்டப்படி இருந்தது. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் எதிரி மாநிலங்களுக்கு மட்டும்தான், மிசௌரிக்குச் செல்லாது. அங்கே ஓர் அடிமைக்கு விடுதலைக்கான வழி படையில் சேர்வது. வந்தவர்களில் பலர் கந்தல் உடையோடு அந்தக் குளிர்காலத்தில் நடந்து வந்தவர்கள். குளிரிலும் நோயிலும் செத்தவர்கள், குண்டடிபட்டுச் செத்தவர்களைவிடப் பல மடங்கு.

1847-இல் மிசௌரி ஒரு சட்டம் போட்டிருந்தது: கருப்பினத்தவருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது குற்றம். ஆகவே படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. முகாமிலேயே பள்ளி நடந்தது. பலகையில் பெயர் இருக்கும் அதே பிரான்சன், சீட்டாடிப் பிடிபடும் வீரன் முகாமில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் புத்தகத்தோடு நின்று பாடம் படிக்க வேண்டும் என்று எழுத்து மூலமாகவே ஆணை போட்டவர். படிக்கத் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லித் தர வேண்டும் என்பது பிராசோஸ் தீவில் இருந்தபோதே, 1864 இலையுதிர் காலத்தில், அவர் போட்ட இன்னொரு ஆணை.

போர் முடிந்து 1866 ஜனவரியில் இந்தப் படை டெக்சாஸில் கலைக்கப்பட இருந்த சமயம். கற்றது பாதியில் நிற்கக் கூடாது, மிசௌரியில் ஒரு பள்ளி வேண்டும் என்று பேச்சு எழுந்தது. வீரர்கள் சுமார் 5,000 டாலர் சேர்த்தார்கள். இன்னொரு மிசௌரிப் படையான 65-ஆவது ரெஜிமென்ட் ஏறக்குறைய 1,400 டாலர் கொடுத்தது. அன்று சாதாரணப் படைவீரனுக்கு மாதச் சம்பளம் அதிகபட்சம் 16 டாலர். கருப்பின வீரர்களுக்கு 1864 வரைக்கும் அதிலும் வெட்டு, கைக்கு வந்தது 7 டாலர். இந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு படையின் வெள்ளை அதிகாரியான ரிச்சர்ட் ஃபாஸ்டர் மிசௌரி போய், 1866 செப்டம்பரில் ஜெஃபர்சன் சிட்டியில் லிங்கன் இன்ஸ்டிட்யூட்டைத் தொடங்கினார். இன்று அது லிங்கன் பல்கலைக்கழகம். வளாகத்தில் அந்த வீரர்களுக்குச் சிலைத் தொகுதி இருக்கிறது.

நெடுஞ்சாலை 4-இன் பலகையில் இவர்கள் '300 பேர்'. ஃபோர்டுக்குப் பெயர் உண்டு, செல்லப் பெயரோடு. ஸ்லாட்டருக்கு உண்டு, பாரெட்டுக்கும் பிரான்சனுக்கும் உண்டு. 62-ஆவது படை என்ற எண்ணாவது போட்டிருக்கலாம், இரண்டு சொல்தான் கூடுதல். இத்தனைக்கும் பாரெட்டே 1865 ஆகஸ்டில் எழுதிய அறிக்கையில், இந்தப் போரின் கடைசி வேட்டு மே 13 சூரியன் மறையும் வேளையில் 62-ஆவது கருப்பினப் படை சுட்டதுதான் என்று நம்பப்படுவதாகக் குறிப்பிட்டிருக்கிறார். கடைசிச் சண்டை என்பதற்காகவே ஒரு பலகை வைத்துவிட்டு, கடைசியாகச் சுட்டவர் யார் என்பதை விட்டால் எப்படி?

இழப்பு எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 111 என்று படித்ததும் புல்வெளி முழுக்கப் பிணம் என்று நினைத்துவிடுவோம். உண்மையில் அந்தக் கணக்கில் ஏறக்குறைய நூறு பேர் பிடிபட்டவர்கள். இறந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். அவர்களில் 34-ஆவது இந்தியானா படையின் ஜான் ஜே. வில்லியம்ஸ் என்ற சிப்பாயைத்தான் உள்நாட்டுப் போரில் களத்தில் செத்த கடைசி வீரர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவருடைய கல்லறை டெக்சாஸிலேயே இல்லை. ஃபோர்ட் ப்ரௌன் மயானத்தில் இருந்தவர்களை 1909-இல் லூசியானாவின் பைன்வில்லுக்கு மாற்றியபோது அவரும் போய்விட்டார்.

பிடிபட்டவர்களைப் பற்றி ஒரு நல்ல சேதி. கருப்பின வீரர்கள் பிடிபட்டால் கொல்லப்படுவது இந்தப் போரில் பல இடங்களில் நடந்திருக்கிறது, டென்னசியின் ஃபோர்ட் பில்லோவில் 1864 ஏப்ரலில் நடந்தது எல்லோரும் அறிந்தது. இங்கே அது நடக்கவில்லை. ஃபோர்டு கைதிகளைக் கண்ணியமாக நடத்தி விரைவிலேயே விடுவித்தார். அப்புறம் ஒரு வேடிக்கை: தோல்விக்குப் பழி யார் மேல் என்று பார்த்தபோது பாரெட் இந்தியானா படையின் லெப்டினன்ட் கர்னல் மாரிசன் மேல் கைகாட்டினார். ராணுவ நீதிமன்றம் கூடியது. மாரிசனுக்குச் சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒருவர் ரிப் ஃபோர்டு. சில வாரங்களுக்கு முன்னால் சுட்டுத் துரத்திய ஆளுக்கே சாட்சி! மாரிசன் விடுதலையானார்.

'கடைசி' என்ற பட்டத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். ஏப்ரல் 16-இல் ஜார்ஜியாவின் கொலம்பஸில் நடந்ததுதான் கடைசிச் சண்டை, பால்மிட்டோ போருக்குப் பிந்தைய கைகலப்பு என்று வாதிடுவோர் உண்டு. தெற்கின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் மே 10-ஆம் தேதியே பிடிபட்டுவிட்டார் என்பது அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. இன்னொரு பக்கம், கர்பி ஸ்மித் கால்வெஸ்டனில் கையெழுத்துப் போட்டது ஜூன் 2-இல். செரோக்கி இனத் தலைவரான ஜெனரல் ஸ்டான்ட் வாட்டி ஜூன் 23 வரை சரணடையவில்லை. ஷெனாண்டோவா என்ற தெற்குக் கப்பல் ஜூன் மாதக் கடைசியில்கூட பேரிங் கடலில் திமிங்கிலக் கப்பல்களைக் கொளுத்திக்கொண்டிருந்தது, நவம்பரில்தான் லிவர்பூலில் கொடியை இறக்கியது. ஆகவே 'தரையில் நடந்த கடைசிச் சண்டை' என்று பலகை போட்டிருப்பது கவனமான வார்த்தை. அதற்கு முழு மதிப்பெண் தருவேன்.

இனி, பலகைகளை நம்பலாமா என்பது. டெக்சாஸில் இப்போது 16,000-க்கும் மேற்பட்ட வரலாற்றுப் பலகைகள் நிற்கின்றன. பலரும் நினைப்பதுபோல ஆஸ்டினில் அரசு அதிகாரி ஒருவர் உட்கார்ந்து எங்கே வைக்கலாம் என்று முடிவு செய்வதில்லை. உள்ளூர்க்காரர்கள் யாராவது ஆய்வுக் குறிப்போடு தங்கள் கவுன்டியின் வரலாற்று ஆணையத்திடம் விண்ணப்பிப்பார்கள். அது சரி என்றால் டெக்சாஸ் வரலாற்று ஆணையம் சரிபார்த்து வாசகம் எழுதும். வார்ப்புச் செலவு பெரும்பாலும் விண்ணப்பித்தவர் தலையில். பெரிய பலகையே 27-க்கு 42 அங்குலம்தான். அதில் சில நூறு சொல்லுக்கு மேல் கொள்ளாது. இதனால் என்ன ஆகும்? காசும் நேரமும் ஊக்கமும் உள்ள சங்கம், குடும்பம், சர்ச் எதுவோ அதன் கதை ஏறும். வாரிசுகள் 1,000 மைல் தள்ளி மிசௌரியில் இருக்கும் ஒரு படைக்கு விண்ணப்பம் போட யார் இருக்கிறார்கள்? இந்தக் குறை ஆணையத்துக்கும் தெரிந்துதான், விண்ணப்பக் கட்டணங்களில் இருந்து நிதி ஒதுக்கி, அதிகம் சொல்லப்படாத வரலாறுகளுக்கென்று தனியாகப் பலகைகள் வைக்கிறார்கள்.

விடுபடுவது ஒரு வகை. வேண்டுமென்றே திரிப்பது வேறு வகை, அதற்கு லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் நல்ல உதாரணம். போர் முடிந்து எட்டு ஆண்டு கழித்து, 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு அன்று அங்கே வெள்ளையர் கும்பல் ஒன்று கோர்ட் கட்டடத்தைக் காத்து நின்ற கருப்பினத்தவரைத் தாக்கியது. சரணடைந்த பிறகு கொல்லப்பட்டவர்களே பலர். 1950-ஐ ஒட்டி மாநிலம் வைத்த பலகை அதைக் 'கலவரம்' என்றது. 3 வெள்ளையரும் 150 கருப்பினத்தவரும் செத்ததாக எழுதி, தெற்கில் வடக்கத்தியரின் கெட்ட ஆட்சி இதோடு முடிந்தது என்று கொண்டாட்டத் தொனியில் முடித்திருந்தது. எழுபது ஆண்டு அந்தப் பலகை நின்றது. 2021 மே மாதம்தான் எடுத்தார்கள். 2023-இல், சம்பவத்தின் 150-ஆவது ஆண்டில், கொல்லப்பட்டவர்களின் பெயர்களோடு ஒரு நினைவுக்கல் வந்தது. அந்தப் பழைய பலகையில் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பெரிய பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். நஞ்சு முழுக்கக் கடைசி வாக்கியத்தில்.

பால்மிட்டோ பலகையை நான் அந்த வரிசையில் வைக்க மாட்டேன். அது யாரையும் இழிவு செய்யவில்லை, யாருக்கும் கொடி பிடிக்கவும் இல்லை. ராணுவ அறிக்கையைச் சுருக்கி எழுதியவரின் பார்வை அதில் இருக்கிறது: தளபதி, ஆள் எண்ணிக்கை, இடது வலது, இழப்பு. நான் எந்தப் பலகையைப் பார்த்தாலும் முதலில் எந்த ஆண்டு வைத்தது, யார் வைத்தது என்று கீழே பார்ப்பேன். அப்புறம் பெயர் சொல்லப்பட்டவர்களையும் 'பேர்' என்று எண்ணிக்கையாக மட்டும் நிற்பவர்களையும் பிரித்துப் பார்ப்பேன். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

மறுபடி போகிற எண்ணம் இருந்தால் சில நடைமுறைக் குறிப்புகள். பலகை நிற்கும் இடத்தில்தான் சண்டை நடந்தது என்று எண்ண வேண்டாம். சண்டை பல மைல் நீளத்துக்கு நகர்ந்தது, பலகை நிற்பது கார் ஒதுங்க வசதியான இடத்தில். களம் 1997-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது, 5,000 ஏக்கருக்கும் மேல். அதில் நல்ல பகுதி வனவிலங்குச் சரணாலயத்தின் கையில் இருப்பதால் இன்னும் கட்டடம் முளைக்கவில்லை. பால்மிட்டோ ஹில் சாலைப் பக்கம் ஒரு பார்வை மேடை உண்டு. அதில் ஏறித் தெற்கே ஆற்றுப் பக்கம் பார்த்தால் 62-ஆவது படை எந்த மாதிரி வெட்டவெளியில் வரிசை கட்டி நின்றது என்பது புரியும். ராக்கெட் சோதனை நாட்களில் நெடுஞ்சாலை 4-இன் கிழக்குப் பகுதியை மூடிவிடுவார்கள், சாலை மூடல் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நேரம் இருந்தால் ப்ரௌன்ஸ்வில்லுக்கு வடக்கே பாலோ ஆல்டோ போர்க்களப் பூங்காவுக்கும் போய் வாருங்கள். அது 1846 மே 8-இல் மெக்சிகோ போரின் முதல் பெரிய சண்டை நடந்த இடம். தேசியப் பூங்கா ஊழியர்கள் இருக்கிறார்கள், பால்மிட்டோவைப் பற்றிக் கேட்டாலும் சொல்வார்கள். கொசு மருந்து கட்டாயம்.